கல்லில் இருந்த நடுப்பெயர்

அத்தியாயம் 9

"இந்தப் பத்திரத்துல ஒரே ஒரு தப்புதான் இருக்கு, லீராய்," என்றார் பெர்னிஸ் மிகில். "ஒரு தப்புகூட இல்ல. அதான் தப்பு."

"அப்ப சந்தோஷமா கையெழுத்துப் போட்டுட்டு வாங்க மேடம். கசகசா வச்ச கொலாச் பன் வாங்கி வண்டியில வச்சிருக்கேன், ஆறிடும்."

"உனக்குச் சாப்பாட்டு நினைப்பே போகாதா?"

"போகும் மேடம். சாப்பிட்டதும் போயிடும்."

லவாக்கா கவுண்டி கோர்ட் ஹவுஸின் பத்திர அறையில் உட்கார்ந்திருந்தோம். மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்தரை. மாலை ஐந்துக்குள் பெர்னிஸ் மேடம், அந்தப் பத்திரம் செல்லும் என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டால், திங்கட்கிழமை வ்லாஸ்தா ஹோலுப்பின் மேய்ச்சல் நிலத்தில், அவருடைய காற்றாடிக் கிணற்றிலிருந்து அறுபதடி தள்ளி, எண்ணெய்க்குத் துளை போடும் ரிக் வந்து நிற்கும். அந்தக் கிணற்றை விட்டால் அவருக்கும் அவருடைய நாற்பது மாடுகளுக்கும் குடிக்க வேறு தண்ணீர் கிடையாது.

எங்கள் டெக்சாஸில் ஒரே நிலத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருக்கலாம். மேலே புல்லுக்கு ஒருத்தர், கீழே எண்ணெய்க்கு ஒருத்தர். கீழே உள்ளவர் துளை போட வந்தால், மேலே உள்ளவர் மாட்டை ஓட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் இது பச்சை அக்கிரமம். என்னை யாரும் கேட்கவில்லை.

கீழே இருப்பது யாருடையது என்று பழைய பத்திரங்களில் துழாவிக் கண்டுபிடித்து, அவரிடம் பேசி உரிமை வாங்கிக் கொடுப்பவருக்கு லேண்ட்மேன் என்று பெயர். பெண்ணாக இருந்தாலும் லேண்ட்மேன்தான். மேடத்தின் விசிட்டிங் கார்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. இரண்டாம் தடவை சிரித்தவர்கள் இல்லை. ஐம்பத்தெட்டு வயது, ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொன்று தலைமுடியில். வில்லங்கம் தேடுவது அவர் தொழில். தேடச் சொல்லிப் பணம் கொடுக்கும் கம்பெனிகள் கடைசியில் அவரையே வில்லங்கம் என்று சொல்லிவிட்டுப் போகும். நான் லீராய் குடாச். அவருக்கு வண்டி ஓட்டுவேன், நகல் எடுப்பேன். மற்ற நேரம் போல்கா பேண்டில் டூபா ஊதுவேன்.

"படி," என்று பத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

1951ஆம் வருடத்துப் பத்திரம். ஃப்ரான்டிஷ்கா ரோஸெனா ஹோலுப் என்னும் விதவை, தன் நிலத்தின் அடியில் உள்ள எண்ணெய், எரிவாயு உரிமை அத்தனையையும் டன்னிகன் என்ற ஹூஸ்டன்காரருக்கு விற்றுவிட்டதாக எழுதியிருந்தது. கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. டன்னிகன் அதைப் பதிவு செய்யாமலே செத்துப்போனாராம். போன மாதம், ஏப்ரலில், அவருடைய பேரன் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாம். பேரன் உடனே அதை, எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்த ஹூஸ்டன் எண்ணெய்க் கம்பெனிக்கு விற்றுவிட்டான். பெட்டியைத் திறந்தபோது தானும் பக்கத்தில் இருந்ததாகக் கம்பெனியின் நில மேனேஜர் டிராவிஸ் ஹாடக் சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்திருந்தான். ஃப்ரான்டிஷ்காவின் ஒரே மகள்தான் வ்லாஸ்தா. அம்மா விற்றது நிஜமென்றால் மகளுக்கு மிச்சம் புல் மட்டும்தான்.

"காகிதம் பழசு. டைப்ரைட்டர் பழசு. நோட்டரி செத்து ஐம்பது வருஷம் ஆச்சு. சாட்சி ரெண்டு பேரும் அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க," என்றார் மேடம். "அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நிஜப் பத்திரம் மூணு இதே அறையில இருக்கு, மூணுலயும் பெருக்கல் குறிதான். அதனால கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்ல."

"அப்ப எங்கதான் இடிக்குது?"

"அந்த மூணுலயும் வெறும் ஃப்ரான்டிஷ்கா ஹோலுப். இதுல மட்டும் நடுவுல ஒரு ரோஸெனா."

"எங்க அப்பாவோட அக்காகூட ரோஸெனாதான் மேடம்."

"உங்க அத்தை ரூஷெனா. ரோஸான்னு அர்த்தம். இது ரோஸெனா. டைப் அடிச்சவன் தப்பா அடிச்சானா, இல்ல இது வேற பேரா?"

"நம்ம ஊர்ப் பேரை எவன் சரியா அடிச்சிருக்கான்? என் கதையைக் கேளுங்க, டிரைவிங் லைசென்ஸ்ல நான் லீராய் குடாட்."

"அதனாலதான் அடிச்சுச் சொல்ல முடியல. கிளம்பு."

*

வ்லாஸ்தா ஹோலுப் வாசற்கதவைத் திறக்கவில்லை. துப்பாக்கியும் எடுக்கவில்லை. தோட்டத்தில் தக்காளிச் செடிகளுக்கு நடுவே நின்றபடி எங்களைப் பார்த்தார். எழுபத்தெட்டு வயது. ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த நிலத்தோடு குடும்பம் நடத்தியவர். இதற்கு முன்னால் வந்த இரண்டு கம்பெனிகளை அவர் கேட்டுக்கு வெளியே வைத்தே அனுப்பிவிட்ட கதை ஊருக்கே தெரியும். ஹாடக்குக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் அவரிடம் எதையும் கேட்கவில்லை. பத்திரத்தோடு வந்து, காற்றாடியைச் சுற்றி ரோஸ் நாடா கட்டிய மரக் குச்சிகளை அடித்துவிட்டுப் போய்விட்டான்.

"கையெழுத்துப் போட்டாச்சா பெர்னிஸ்?" என்றார்.

"இல்ல தெத்தா." செக் நாட்டுக்காரர்கள் குடியேறிய எங்கள் ஊரில் வயதான பெண்களை அத்தை என்று செக் மொழியில் இப்படித்தான் கூப்பிடுவோம். "ஒரு கேள்வி. உங்கம்மாவுக்கு நடுப்பேர் உண்டா? ஹாடக் 'ரோஸீனா'ங்கறான்."

"ரோஸீனாவா? அது எந்த ஊர்ப் பேரு? அம்மாவுக்கு ஃப்ரான்டிஷ்கா ஒண்ணுதான். அதையே முழுசாக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்ல, ஃபானின்னுதான் கூப்பிடுவாங்க."

"எழுத்துல ஏதாவது இருக்கா? ஞானஸ்நானச் சீட்டு?"

"மாதா கோயில் எரிஞ்சப்ப எல்லாம் போச்சு." மண் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "அம்பத்தொண்ணுல எனக்கு அஞ்சு வயசு. அப்பா செத்து ரெண்டு வருஷம். அம்மா பருத்தி எடுத்தா, பால் கறந்தா, பட்டினிகூடக் கிடந்தா. ஒரு பிடி மண்ண விக்கல. அந்த ஹூஸ்டன்காரன் வந்து அம்மா வித்துட்டான்னு சொல்றான் பாரு, எண்ணெய் போனாக்கூட எனக்கு இவ்வளவு வலிக்காது."

மேடம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஹாடக்குக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"மிஸ்டர் ஹாடக், அந்த நடுப்பேர் வேற எந்தப் பத்திரத்துலயும் இல்லியே."

"பெர்னிஸ், அந்தக் கிழவி தனக்குச் சாதகமா ஆயிரம் சொல்லும்." அவன் குரலில் ஏர் கண்டிஷனர் ஓடியது. "கல்லு பொய் சொல்லுமா? மோராவ்கா கல்லறைத் தோட்டத்துக்குப் போங்க. அவங்கம்மா கல்லைப் பாருங்க. பார்த்துட்டு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்தை அனுப்புங்க. லேண்ட்மேன் வேலைக்கு ஹூஸ்டன்ல நூறு பேர் வரிசையில நிக்கறாங்க."

போனை வைத்துவிட்டான். வ்லாஸ்தா தெத்தா ஒரு தக்காளிச் செடியின் கழுத்தை நிமிர்த்தினார். அது மறுபடியும் சாய்ந்துவிட்டது.

*

மோராவ்கா கல்லறைத் தோட்டம் ரொம்பச் சின்னது. பூட்ஸில் அப்பினால் சாயங்காலம் வரைக்கும் கூடவே வரும் கரிசல் மண். மழைக்கு ஊதும், வெயிலுக்குப் பிளக்கும், வருடா வருடம் கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும். கீழ்ச் சரிவில் இருந்த பழைய கற்கள் இடுப்பு வரை புதைந்திருந்தன.

நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததற்காக என்னையே நொந்துகொண்டேன்.

FRANTISKA HOLUBOVA என்று ஒரு வரி; பழைய கற்களில் பெண்களின் குடும்பப் பெயரோடு ஓவா சேரும். அதற்குக் கீழே ROZENA என்று ஒரு வரி. அதற்கும் கீழே புல்.

"மேடம்... இருக்கு."

"என்ன இருக்கு?"

"ரோஸெனா. கல்லுலயே வெட்டியிருக்கு. ஹாடக் சொன்னது சரிதான். போச்சு."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் இருந்த கற்களையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

"என் கண்ணும் சேர்ந்துல்ல ஏமாந்துபோச்சு! காலையிலேர்ந்து இங்கிலீஷ்லயே படிச்சிட்டிருந்திருக்கேன்!" என்றார். "லீராய், வ்லாஸ்தா தெத்தாவைக் கூட்டிட்டு வா. ஹாடக்குக்கு ஒரு போன் போடு. கையெழுத்துப் போடப் போறேன், இங்கயே வந்து வாங்கிக்கச் சொல்லு."

"மேடம், வேணாம். அந்தம்மாவோட தண்ணி மேடம் அது!"

"சொன்னதைச் செய்."

அவருடன் வேலை பார்த்த பதினோரு வருடத்தில் அன்றுதான் அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கொலாச்சைக்கூடத் தொடவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கோபம் என்று புரியும்.

*

நாலரை மணிக்கு ஹாடக்கின் வெள்ளை பிக்கப் வண்டி வந்தது. ஷோரூமிலிருந்து இறங்கியதுபோலப் பளபளப்பு. அதிலிருந்து இறங்கியவனின் பூட்ஸ் அதைவிடப் பளபளப்பு. வ்லாஸ்தா தெத்தா அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். காற்றாடிக்குப் பக்கத்தில் கம்பெனி அடித்த குச்சிகளில் ஒன்றைப் பிடுங்கி, ரோஸ் நாடாவோடு தடிபோல ஊன்றியிருந்தார். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"நல்ல முடிவு பெர்னிஸ்," என்று ஹாடக் பேனாவை நீட்டினான்.

"ஒரு சின்ன சந்தேகம். இந்தக் கல்லுல அந்தப் பேர் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஆபீஸ்ல உட்கார்ந்து வேலை பார்க்கறவன் இல்ல. ஜனவரி மாசம், பனிக்கட்டி மழை கொட்டுது, கை விறைச்சுப்போச்சு, இதே கல்லு முன்னாடி நின்னு பேரைக் குறிச்சுக்கிட்டேன். வேலைன்னா அப்படிப் பார்க்கணும்."

"ரொம்பப் பொறுப்பு," என்றார் மேடம். "பக்கத்துல இருக்கறதையும் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க. என் கண்ணு சரியில்ல."

ஹாடக் மேட்டுப் பக்கம் திரும்பி, அலட்சியமாகப் படித்தான். "அன்னா ஓர்சகோவா... ரோஸீனா ஜனாக்."

"அடுத்தது?"

"மாரியே புச்கோவா. ரோஸீனா... ரோஸீனா ரெஹாக்."

"அதுக்கடுத்தது?"

நான்காவது கல்லில் அவன் குரல் இறங்கியது. ஐந்தாவதைப் படிக்கவில்லை. கண் மட்டும் வரிசையில் ஓடியது. ரோஸெனா, ரோஸெனா, ரோஸெனா.

"பாவம், எங்க ஊர்ல பொண்ணுங்களுக்கு வைக்க வேற நடுப்பேரே கிடைக்கல," என்றார் மேடம். "தெத்தா, இந்தத் தம்பிக்கு அர்த்தம் சொல்லுங்க."

வ்லாஸ்தா தெத்தா அவனை மேலும் கீழும் பார்த்தார். "ரோஸீனாவும் இல்ல, கீஸீனாவும் இல்ல. அது ரோஸெனா. பேரே கிடையாது தம்பி. இன்ன வீட்டுல பொறந்தவன்னு அர்த்தம். கல்யாணமாகி வந்த பொண்ணு எல்லாருக்கும் கல்லுல அப்படித்தான் வெட்டுவாங்க. புருஷன் வீட்டுப் பேரை எழுதி, ரோஸெனான்னு போட்டு, கீழ பொறந்த வீட்டுப் பேரு."

மேடம் அவர் கையிலிருந்த குச்சியை வாங்கி, ஃப்ரான்டிஷ்காவின் கல் ஓரமாகக் குத்தினார். கரிசல் மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. நானும் மண்டியிட்டுக் கையால் அள்ளினேன். ஒரு சாண் ஆழத்தில் எழுத்து தெரிந்தது. K. பிறகு A. பிறகு முழுதாக KALLUS.

"கல்லுஸ் வீட்டுப் பொண்ணு," என்றார் வ்லாஸ்தா தெத்தா. குரல் கொஞ்சம் உடைந்தது. "இந்தப் பேர் மண்ணுக்குள்ள போயி இருபது வருஷம் இருக்கும்."

இப்போது எனக்குப் புரிந்தது. புரிந்த வேகத்தில் எழுந்து நின்றேன். எந்தத் தாயும் தன் மகளுக்கு 'பிறந்தவள்' என்று நடுப்பெயர் வைத்திருக்க மாட்டாள். எந்த விதவையும் அந்தப் பெயரில் பத்திரம் எழுதியிருக்க மாட்டாள். செக் தெரியாத ஒருத்தன், கீழ் வரி புதைந்துபோன ஒரே ஒரு கல்லைப் பார்த்து, பத்திரம் நிஜம்போல இருக்கட்டும் என்று ஒரு பெயரைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறான்.

"நிஜமா விக்கறவ பாதிப் பேரோட வித்துட்டுப் போயிடுவா," என்றார் மேடம். "பொய்யா எழுதறவன்தான் பேரை முழுசா எழுதுவான்."

ஹாடக் உதட்டை நனைத்துக்கொண்டான். "டன்னிகன் பேரன் கொடுத்தான், நான் வாங்கினேன். பெட்டியில என்ன இருந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டியைத் திறந்தது ஏப்ரல்ல. நீங்களே சத்தியம் பண்ணி எழுதியிருக்கீங்க. அதுவரைக்கும் இப்படி ஒரு பத்திரம் இருக்குன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது. அப்புறம் ஜனவரி மாசம், பனிக்கட்டி மழையில, செத்துப்போன ஒரு விதவையோட பேரை எதுக்கய்யா குறிச்சீங்க?"

ஹாடக் பூட்ஸில் அப்பிய கரிசல் மண்ணைப் புல்லில் தேய்க்க ஆரம்பித்தான்.

"லீராய், நீ கேட்டியா?"

"கேட்டேன் மேடம். டூபா ஊதறவனுக்குக் காது நல்லாக் கேக்கும்."

"தெத்தா?"

"ஷெரிஃப்கிட்ட வந்து சொல்லும்போதும் கேட்ட மாதிரியே சொல்லுவேன்."

மேடம் அவனுடைய பேனாவாலேயே சான்றிதழின் குறுக்கே எழுதினார்: 'போலிப் பத்திரம். அடிநில உரிமை முழுவதும் வ்லாஸ்தா ஹோலுப்புக்கே.' கீழே கையெழுத்துப் போட்டார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது.

"உங்களுக்கு இந்த மாநிலத்துல இனி வேலை கிடையாது," என்றான் ஹாடக். வெளுத்த முகத்திலும் திமிர் பாக்கி இருந்தது. "இங்கேர்ந்து மேற்கு டெக்சாஸ் ஒடெஸ்ஸா வரைக்கும் ஒரு கம்பெனிகூட உங்களைக் கூப்பிடாது. நான் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்கோ. என் பேரைச் சரியா எழுதிக்கோ, மறுபடி தப்பு வரக்கூடாது. பெர்னிஸ் மிகில், ரோஸெனா ஜபாலாக்."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. கல்லறைத் தோட்டமாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

ஹாடக் கடைசியாக ஒரு வேலை செய்தான். அதற்காகவே அவனை மன்னிக்க மாட்டேன். வ்லாஸ்தா தெத்தாவிடம் திரும்பி, தொப்பியைக் கழற்றி, பல்லைக் காட்டினான். "அம்மா, நடந்தது நடந்துபோச்சு. உரிமை உங்களோடதுன்னா உங்ககிட்டயே நேரடியா வாங்கிக்கறோம். பக்கத்துப் பண்ணைக்குக் கொடுத்ததை விட ரெண்டு மடங்கு. இன்னிக்கே."

தெத்தா மேடத்திடமிருந்து குச்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"தம்பி, நீ முதல்லயே வந்து, மரியாதையாக் கதவைத் தட்டி, இந்த மாதிரித் தொப்பியைக் கழட்டிக் கேட்டிருந்தேன்னா..."

அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "கேட்டிருந்தா?"

"அப்பவும் முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா உக்கார வச்சு ஒரு காபி கொடுத்திருப்பேன்."

பிக்கப் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. மேடம் ஷெரிஃப் ஆபீஸுக்கு போன் போட நடந்தார். நான் கல்லின் அடியில் இருந்த மண்ணை இன்னும் அகலமாகத் தள்ளி, கல்லுஸ் என்ற பெயர் நன்றாகத் தெரியும்படி செய்தேன்.

"ஏண்டா லீராய், நீயும் இந்த ஊர்க்காரன்தானே?" என்றார் தெத்தா. "உனக்குமா தெரியல?"

"எனக்குத் தெரிஞ்ச செக் வார்த்தை மொத்தம் பதினேழு தெத்தா. பதினொண்ணு சாப்பாடு. ஆறு திட்டு."

"இப்ப பதினெட்டு," என்றார். குச்சியை வண்டியில் வைத்துவிட்டு என்னையும் ஏறச் சொன்னார். "வா, வந்து மிச்சக் குச்சியையும் பிடுங்கிக் கொடு. காற்றாடியைச் சுத்தி முப்பத்தொம்பது இருக்கு. என் தக்காளிக்குச் சரியா இருக்கும்."